ராஜாவின் பாதமும் கணினித் திரையின் புள்ளியும்

போன வாரம் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். மகன் புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். "படமெல்லாம் அப்படியே கண்ணாடி மாதிரி இருக்குதுங்க. எழுத்துதான் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டுப் பையன், ரெசல்யூஷனைக் குறைச்சா எழுத்து பெரிசாயிடும்ங்கிறான். குறைச்சிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க, அதைத் தொடாதீங்க" என்றேன். நான் சொன்ன வேகத்தில் அவர் கொஞ்சம் திடுக்கிட்டிருக்க வேண்டும். வேகத்துக்குக் காரணம் உண்டு. இதே கேள்விக்கு 2009-ல் ஒரு பெரியவருக்கு நான் தவறான பதிலைச் சொன்னேன். அவர் இன்று இல்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத்தின் அளவு என்பது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அந்தத் தவறு எதுவென்று விளங்காது. ஆகவே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எழுத்து பெரிதா, சிறிதா என்ற தகராறு கணினியோடு வந்ததல்ல. நம் கடற்கரையிலேயே 300 வருஷத்துக்கு முன்பு வந்த தகராறு. டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் ஈய எழுத்துகள் 1713-ல் அவருக்குக் கப்பலில் வந்து சேர்ந்தன. புதிய ஏற்பாட்டின் முதல் பகுதியை 1714-ல் அச்சடித்தார்கள். அதற்குள் ஒரு சிக்கல் தெரிந்துவிட்டது. வந்த எழுத்துகள் பெரியவை. ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் அடங்கிற்று. காகிதமோ கடல் கடந்து வரவேண்டிய சரக்கு. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, மீதியை 1715-ல் முடித்தார்கள். பக்கத்திலுள்ள பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள்.

காகிதம் வாங்குகிறவனுக்குச் சிறிய எழுத்து வேண்டும், படிக்கிறவனுக்குப் பெரிய எழுத்து வேண்டும். அந்த நாளில் படிக்கிறவன் கையில் ஒன்றும் இல்லை. ஈயத்தில் என்ன அளவோ அதுதான் கண்ணுக்கும் கிடைக்கும். வெள்ளெழுத்து வந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தேடவேண்டும், அல்லது பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும்.

அதே காலத்தில் பிரான்சில் வேறு ஒரு குழப்பம். எழுத்துகளின் அளவுக்கு எண் கிடையாது, பெயர்தான் உண்டு. நோன்பரேய், பெத்தி ரோமேன், சிசெரோ, குரோ ரோமேன் என்று ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர். லத்தீன் அறிஞர் சிசெரோவின் நூலை அச்சிட்ட எழுத்து என்பதால் சிசெரோ என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு வார்ப்படக்காரரின் சிசெரோ இன்னொருவரின் சிசெரோவோடு ஒத்துப்போகாது. ஒருவரிடம் வாங்கியதையும் இன்னொருவரிடம் வாங்கியதையும் ஒரே வரியில் கோத்தால் வரி கோணிப்போகும்.

இதை ஒழுங்கு செய்யப் புறப்பட்டவர் பியேர் சிமோன் ஃபூர்னியே. 1737-ல் எழுத்தின் அளவுகளுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டார். "புவேன்", அதாவது புள்ளி, என்ற சிறிய அளவைக் கொண்டு எல்லா எழுத்தையும் அளக்கலாம் என்பது அவர் வழி. ஆனால் அவருடைய புள்ளி நாட்டின் சட்டபூர்வமான அளவுகோலோடு பொருந்தவில்லை. சுமார் 1783-ல் பிரான்சுவா அம்புருவாஸ் திதோ என்ற அச்சகக்காரர் அதைச் சரிசெய்தார். பிரெஞ்சு அரசின் அளவான "பியே துய் ருவா", ராஜாவின் பாதம், அவருக்கு ஆதாரம். அந்தப் பாதம் இன்றைய கணக்கில் 32 சென்டிமீட்டரும் சொச்சமும். ஒரு பாதத்துக்கு 12 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 12 கோடு, ஒரு கோட்டுக்கு 6 புள்ளி. 12-ஐ 6-ஆல் பெருக்கினால் 72. ஆக, பிரெஞ்சு அங்குலத்தில் 72-ல் ஒரு பங்குதான் திதோவின் புள்ளி. மில்லிமீட்டரில் சொன்னால் 0.376. இந்த 72 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

கொஞ்ச காலத்தில் புரட்சி வந்தது. ராஜாவின் தலை 1793-ல் போயிற்று. அவருடைய பாதத்தையும் எடுத்துவிட்டு மீட்டரைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவர்கள், மீட்டரிலேயே வளர்ந்தோம். மதராஸ் பக்கத்து உறவுக்காரப் பிள்ளைகள் அடி, அங்குலம் என்று பேசினால் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகங்களை அச்சடித்த நாட்டில், அச்சகத்துக்குள் மட்டும் ராஜாவின் பாதம் போகவே இல்லை. திதோவின் புள்ளி 20-ஆம் நூற்றாண்டிலும் அங்கே வழக்கில் இருந்தது. இது எனக்கு வயதான பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எழுத்தின் அளவை பிரெஞ்சு அச்சுக்காரர்கள் "கோர்" என்பார்கள். கோர் என்றால் உடல். 12 புள்ளி என்பது கண்ணுக்குத் தெரிகிற எழுத்தின் உயரமல்ல, அந்த எழுத்தைத் தாங்குகிற ஈயக்கட்டையின் உயரம். கட்டைக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பது வார்த்தவன் இஷ்டம். தமிழில் 'கி' மேலே வளையும், 'ழ'வும் 'ரு'வும் கீழே இறங்கும். மேலும் கீழும் இடம் விடவேண்டியிருப்பதால் நடுவில் உள்ள எழுத்து சற்றுச் சிறுத்துத்தான் போகும். நம் ஊர் மிஷன் அச்சகத்தில் 1855-ல் வெளிவந்த தமிழ்–பிரெஞ்சு அகராதி போன்ற நூல்களில் இரண்டு மொழியும் ஒரே வரியில் வரவேண்டும். அப்போது இரண்டுக்கும் உடல் ஒத்துப்போனால்தான் வரி நேராக நிற்கும். இன்று கணினியில் ஓர் எழுத்துருவில் 12 என்று வைத்தால் பெரிதாகவும், இன்னொன்றில் அதே 12 சிறிதாகவும் தெரிகிறதே, அதற்கும் காரணம் இதுதான். ஈயம் போய்விட்டது, உடல் என்ற கணக்கு மட்டும் இருக்கிறது.

அமெரிக்காவில் எழுத்து வார்க்கும் கம்பெனிகள் 1886-ல் கூடி, தங்களுக்கென்று ஒரு புள்ளியை ஏற்றுக்கொண்டார்கள். அது 0.3515 மில்லிமீட்டர். திதோவின் புள்ளியைவிடக் கொஞ்சம் சிறியது. ஆங்கில அங்குலத்தில் இது 72-ம் கொஞ்சமும் வரும். எங்கள் அலுவலகத் தட்டச்சுப் பொறிகள் இந்த வழியில் வந்தவை. பைக்கா என்றால் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலீட் என்றால் 12 எழுத்து. பைக்கா பொறி கிடைத்தவர் பாக்கியசாலி. எலீட் கிடைத்தவர் மேலதிகாரியிடம் "கண் வலிக்குது சார்" என்று சொல்லிப் பார்ப்பார். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் பொறியையே மாற்றவேண்டும்.

இப்போது திரைக்கு வருவோம்.

கணினித் திரையில் ஈயமும் இல்லை, மையும் இல்லை. வரிசை வரிசையாகப் புள்ளிகள் இருக்கின்றன. பிக்சல் என்கிறார்களே, அவை. சில புள்ளிகள் கறுப்பாகவும் சில வெளுப்பாகவும் நின்றால் எழுத்து. வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை வரிசை என்ற எண்ணிக்கைதான் ரெசல்யூஷன். தமிழில் தெளிவுத்திறன் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் சற்று ஏமாற்றும். அது ஓர் எண்ணிக்கை மட்டுமே. ஒரு புள்ளி எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது. ராஜாவின் பாதத்தில் அளந்த புள்ளிக்கு நீளம் உண்டு. திரையின் புள்ளிக்கு அப்படி நிச்சயமான நீளம் கிடையாது. சிறிய திரையில் சிறியது, பெரிய திரையில் பெரியது. எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆப்பிள் கம்பெனி 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் கணினியை வெளியிட்டபோது இந்தச் சிக்கலை ஒரு சாமர்த்தியத்தால் தாண்டினார்கள். 9 அங்குலத் திரை, குறுக்கே 512 புள்ளி, நெடுக்கே 342. புள்ளிகளை அங்குலத்துக்கு 72 வீதம் அமைத்தார்கள். அச்சுக்காரரின் ஒரு புள்ளி, திரையின் ஒரு புள்ளி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. திரையில் 12 புள்ளி எழுத்தை அடிக்கோலால் அளந்தால், காகிதத்தில் வரும் அதே அளவு. அடோபி கம்பெனியும் தன் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் அங்குலத்துக்குச் சரியாக 72 புள்ளி என்று வைத்தது. இப்படி, பாரிஸில் திதோ போட்ட 72, அங்குலம் மாறினாலும் எண் மாறாமல், கலிபோர்னியாவில் போய் உட்கார்ந்தது.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போயிற்று. புத்தகத்தைக் கையில் வைத்துப் படிக்கிற தூரத்தைவிடத் திரையை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம், ஆகவே எழுத்தும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டார்கள். 72-ஓடு அதன் மூன்றில் ஒரு பங்கான 24-ஐக் கூட்டினால் 96. விண்டோஸில் ஓர் அங்குலம் என்றால் 96 புள்ளி என்று ஆயிற்று. இதனால் இன்னொரு லாபமும் உண்டு. 10 புள்ளி எழுத்துக்கு மெக்கின்டாஷில் 10 பிக்சல் உயரம்தான். விண்டோஸில் 13 கிடைக்கும். 12 புள்ளி எழுத்துக்கு 16. எழுத்தின் வளைவுகளைக் காட்ட இடம் கூடுகிறது. ஆனால் அந்த 96 ஒரு பாவனைதான். உங்கள் மேசையில் இருக்கும் திரையில் உண்மையாகவே அங்குலத்துக்கு 96 புள்ளி இருக்கிறதா என்று அது அளந்து பார்ப்பதில்லை.

இந்த இடத்தில்தான் அந்தப் பெரியவர் வருகிறார். நான் 1972-ல் வேலையில் சேர்ந்தபோது எங்கள் பிரிவின் சூப்பரிண்டெண்ட். பிரெஞ்சு, தமிழ் இரண்டிலும் வரைவு எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது. ஒற்றுப்பிழை கண்டால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். "ஏம்ப்பா, புள்ளி வைக்க மை இல்லையா?" என்பார். ஓய்வுக்குப் பிறகு, 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த நாளில் தன் தெருவில் என்ன நடந்தது என்று எழுத ஆசைப்பட்டார். அப்போது அவருக்கு 20 வயது. கை நடுக்கம் காரணமாகப் பேனா சரிப்படவில்லை. பிரான்சில் இருந்த மகன் 2003-ல் ஒரு கணினி வாங்கிக் கொடுத்தார்.

அது பழைய குழாய்த் திரை, பின்னால் மூட்டை மாதிரி நீண்டிருக்கும். 15 அங்குலம் என்று பெயர், கண்ணுக்குத் தெரிகிற அகலம் சுமார் 11 அங்குலம். 1024-க்கு 768 என்று வைத்திருந்தார்கள். அங்குலத்துக்குச் சுமார் 93 புள்ளி. எழுத்து சிறிதாக இருக்கிறது என்றார். நான் போய் 800-க்கு 600 என்று மாற்றினேன். அங்குலத்துக்கு 73 ஆயிற்று. 16 பிக்சல் எழுத்தின் உடல் 4.4 மில்லிமீட்டரிலிருந்து 5.6-க்கு வளர்ந்தது. "இப்பதான்ப்பா எழுத்து எழுத்தா இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் பெருமை.

அன்று நான் செய்தது சரிதான். குழாய்த் திரையில் மின்கதிர் ஒன்று கண்ணாடியின் உட்புறத்தில் வரி வரியாக ஓடிப் படத்தை வரைகிறது. 800 புள்ளி என்றால் 800, 1024 என்றால் 1024. கதிரின் ஓட்டத்தை மாற்றினால் போதும். எந்த எண்ணுக்கும் அது ஓரளவு சுத்தமாக வரைந்துவிடும். மாக்கோலத்துத் தரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய இடத்தில் புதிதாகப் புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

பிறகு தட்டையான எல்.சி.டி. திரைகள் வந்தன. இதில் புள்ளிகளைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிச் சிற்றறை. 17 அங்குலத் திரை என்றால் பெரும்பாலும் குறுக்கே 1280, நெடுக்கே 1024. ஓர் அறையின் அகலம் 0.264 மில்லிமீட்டர். அந்த எண்ணை யாராலும் மாற்ற முடியாது. அதற்கு நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது அந்தத் திரையின் சொந்த எண்ணிக்கை, என்று பெயர். நாம் போய் 800-க்கு 600 என்று சொன்னால் திரை மறுப்பதில்லை. தன் 1280 அறைகளில் நம் 800 புள்ளிகளை நிரவிக் காட்டுகிறது. ஒரு புள்ளிக்கு ஒன்று, அரையே அரைக்கால் போல 1.6 அறை வருகிறது. ஓர் அறையை முழுக் கறுப்பாக நிரப்பலாம். மீதி 0.6-ஐ எங்கே வைப்பது? பக்கத்து அறையைச் சாம்பல் நிறமாக்கிச் சமாளிக்கிறது. அழிக்க முடியாதபடி 8 புள்ளி பதித்த வாசலில் 5 புள்ளிக் கோலத்தை இழுத்துப் போட்டால் எப்படி இருக்கும்? கோலம் பெரிதாகத்தான் இருக்கும். கோடு ஒன்றும் புள்ளியோடு ஒட்டாது.

2009-ல் அவருடைய மகன் விடுமுறையில் வந்தபோது பழைய திரையை எடுத்துவிட்டு 17 அங்குல எல்.சி.டி. வாங்கி வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். எழுத்து சிறுத்துவிட்டது என்றார். நான் பழைய வைத்தியனைப் போலப் போனேன், பழைய மருந்தையே கொடுத்தேன். 800-க்கு 600. எழுத்து பெரிதாயிற்று. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பெரிசாத்தான் இருக்கு. மழைத்தண்ணி வழியிற கண்ணாடி வழியா பாக்கிற மாதிரி இருக்கேப்பா" என்றார். "புதுத் திரை சார், பழகிடும்" என்றேன்.

பழகவில்லை. கண்புரை அறுவை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கண்ணில்தான் கோளாறு என்று அவர் முடிவு செய்துகொண்டார். இரண்டு முறை கண் மருத்துவரிடம் போனார். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் நம்பவில்லை. அச்சடித்த நாளிதழைச் சுகமாகப் படிக்கிறாரே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்திரத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தைரியம் இல்லை. வயதானவர் என்றால் கண்ணைச் சந்தேகிப்பது சுலபம். ஒரு வருஷத்துக்குள் எழுதுவதை நிறுத்திவிட்டார். கணினியின் மேல் துணி போட்டு மூடினார்கள்.

இதில் ஆங்கிலம் படிக்கிறவரைவிடத் தமிழ் படிக்கிறவருக்குக் கஷ்டம் அதிகம். ஆங்கிலத்தில் 'எம்' என்ற எழுத்துக்கு மூன்று கோடும் இரண்டு இடைவெளியும் இருந்தால் போதும். நம் 'ண'வையும் 'ணை'யையும் நினைத்துப் பாருங்கள். சுழி மேல் சுழி. சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் ஒரு பிக்சல்தான் என்றால், அது சாம்பலானதும் சுழி அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசம் ஒற்றுப்புள்ளி. 'க'வுக்கும் 'க்'குக்கும் உள்ள வித்தியாசம் திரையில் ஒன்றிரண்டு பிக்சல். அது மங்கினால் ஒற்று இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எல்.சி.டி. திரையின் ஒவ்வோர் அறையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகளால் ஆனது. அந்தப் பட்டைகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி எழுத்தின் ஓரத்தை மெருகேற்றும் கிளியர்டைப் என்ற முறையை மைக்ரோசாஃப்ட் 1998-ல் அறிவித்தது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அது சேர்ந்தது. ஆனால் எந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று கணக்குத் தப்பாமல் இருந்தால்தான் அந்த மெருகு வேலை செய்யும். ரெசல்யூஷனைக் குறைத்தால் கணக்கு தப்பிவிடும். எழுத்தின் ஓரத்தில் மெருகுக்குப் பதில் வண்ண அழுக்குதான் தெரியும்.

அப்படியானால் எழுத்தைப் பெரிதாக்கச் சரியான வழி என்ன? புள்ளியைப் பெரிதாக்கக் கூடாது. ஓர் எழுத்துக்குக் கொடுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். இதற்குத்தான் ஸ்கேலிங் என்று பெயர். ஆரம்ப காலத்தில் இது எளிதல்ல. ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்திருப்பார்கள், ஈய எழுத்துப் போலவே. ஆப்பிள் 1991-ல் கொண்டுவந்து, 1992-ல் விண்டோஸ் 3.1-இலும் சேர்ந்த ட்ரூடைப் முறையில் எழுத்தின் வெளிக்கோட்டைக் கணிதமாக எழுதி வைத்தார்கள். 13 புள்ளிக்கும் 20 புள்ளிக்கும் 40 புள்ளிக்கும் கணினியே புதிதாக வரைந்துகொள்ளும். விண்டோஸ் 2000-உடன் வந்த 'லதா' என்ற தமிழ் எழுத்துரு இந்த வகைதான். 16 பிக்சலில் நெருக்கியடித்து நின்ற 'ணை', 20 பிக்சலில் மூச்சுவிடும், 24-ல் காலை நீட்டி உட்காரும்.

நான் மருந்து கொடுத்த 2009-ல் இந்த வசதி இல்லையா? இருந்தது. வெகு காலமாகவே விண்டோஸில் 96-க்குப் பதில் 120 என்று வைத்துக்கொள்ள ஓர் இடம் உண்டு. 120 என்பது 96-இன் 125 சதவீதம். ஆனால் அது பல பக்கங்களுக்கு உள்ளே ஒளிந்திருந்தது. அப்படி மாற்றினால் சில மென்பொருள்களில் பொத்தான்கள் வெட்டுப்பட்டு, வாசகங்கள் பாதியில் நிற்கும். எனவே பழுதுபார்க்கிறவர்களும் அதைத் தொடமாட்டார்கள். ரெசல்யூஷனைக் குறைப்பது ஒரு நிமிஷ வேலை. நானும் ஒரு நிமிஷ வேலையைத்தான் செய்தேன்.

புள்ளிகள் மிகவும் நெருங்கிப்போன பிறகுதான் கம்பெனிகளுக்கு ஸ்கேலிங்கின் அவசியம் உறைத்தது. 2010-ல் வந்த ஐபோன் 4-இல் அங்குலத்துக்கு 326 புள்ளி. முந்தைய போனில் 163. எழுத்தை அதே பிக்சல் எண்ணிக்கையில் விட்டிருந்தால் பாதியாகச் சுருங்கியிருக்கும். ஆகவே முன்பு ஒரு புள்ளி இருந்த இடத்தில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு, ஆக நான்கு புள்ளி கொடுத்தார்கள். அளவு மாறவில்லை, கூர்மை மட்டும் கூடிற்று. மடிக்கணினியிலும் அதே கதை. 15.6 அங்குலத் திரையில் குறுக்கே 1366 புள்ளி என்றால் அங்குலத்துக்கு 100. அதே திரையில் 1920 என்றால் 141. 16 பிக்சல் எழுத்தின் உடல் முதலாவதில் 4.1 மில்லிமீட்டர், இரண்டாவதில் 2.9. என் முத்தியால்பேட்டை நண்பரின் எறும்பு இங்கிருந்துதான் வந்தது. 150 சதவீதம் வைத்தால் அது 24 பிக்சலாகி 4.3 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். முன்பைவிடக் கூர்மையாகவும் இருக்கும்.

இணையப் பக்கங்களுக்கு விதி எழுதுகிறவர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அங்குலத்துக்கு 96 புள்ளி உள்ள திரையைக் கை நீட்டும் தூரத்தில், 28 அங்குலத்தில், வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளி கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறதோ அதுவே ஒரு பிக்சல் என்கிறார்கள். ராஜாவின் பாதத்தில் தொடங்கிய அளவு, படிக்கிறவனின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வெள்ளெழுத்து வந்தபோது செய்தித்தாளைக் கையை நீட்டி நீட்டிப் பிடித்தோமே, அந்தக் கைதான்.

எனக்கு இதெல்லாம் 2014-ல்தான் தெரிந்தது. பேரன் என் புதுக் கணினியைச் சரிசெய்துகொண்டிருந்தான். வழக்கம்போல ரெசல்யூஷனைக் குறைக்கச் சொன்னேன். "தாத்தா, அது எல்.சி.டி. அப்படிச் செஞ்சா மங்கிடும்" என்று சொல்லி, ஸ்கேலிங்கை 125-ல் வைத்தான். எழுத்து பெரிதாகவும் கூர்மையாகவும் நின்றது. நான் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் காலமாகி அப்போது இரண்டு வருஷம்.

சில மாதம் கழித்து அவருடைய மகள் ஒரு காகித உறையைக் கொடுத்தார். அவர் அச்செடுத்து வைத்திருந்த 41 பக்கங்கள். முதல் 35 பக்கங்கள் பழைய திரையில் எழுதியவை. தேடிப் பார்த்தேன், ஓர் ஒற்றுகூடத் தவறவில்லை. புதுத் திரையில் எழுதிய கடைசி ஆறு பக்கங்களில் 'கொடிக்கம்பம்' என்பது 'கொடிககம்பம்' என்று இருக்கிறது. 'பட்டாசு', 'படடாசு' ஆகியிருக்கிறது. ஒரு பக்கத்தில் 23 இடத்தில் புள்ளி இல்லை. ஒற்று விட்டால் கோப்பைத் திருப்பி அனுப்பிய மனிதர். புள்ளி விழுந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. தன் கண்ணும் புத்தியும் போய்விட்டன என்று நினைத்துக்கொண்டுதான் நிறுத்தியிருக்கிறார்.

அதனால்தான் நண்பரிடம் அவ்வளவு வேகமாகச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே என்று போனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ரெசல்யூஷன் என்ற இடத்தில் 'ரெக்கமெண்டட்' என்று எழுதியிருப்பதைத் தேர்ந்து அப்படியே விட்டுவிடுங்கள். அதுதான் திரையின் சொந்த எண்ணிக்கை. ஸ்கேல் என்ற இடத்தில் 125, 150, 175 என்று ஏற்றிப் பாருங்கள். இணையத்தில் படிக்கும்போது மட்டும் பெரிதாக வேண்டுமானால் கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் போதும். இவ்வளவும் செய்த பிறகும் மங்கலாக இருந்தால் அப்போது கண் மருத்துவரிடம் போங்கள். முதலில் எந்திரத்தைப் பாருங்கள், பிறகு கண்ணைப் பாருங்கள்.

நண்பர் மறுநாளே கூப்பிட்டார். 150-ல் வைத்திருக்கிறாராம். "எறும்பெல்லாம் போயிடுச்சுங்க" என்றார்.

பெரியவரின் 41 பக்கங்களையும் குடும்பத்தாரின் அனுமதியோடு தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். கடைசி ஆறு பக்கங்களுக்கு வந்திருக்கிறேன். ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு போகிறேன்.